வேகாத பங்கு

வீரையடியில் பதினேழு வீட்டு அடுப்பில் ஏறிய காட்டுப்பன்றி இறைச்சி பதினொரு நாள் வேகாமல் கிடந்தது என்று சொன்னால், விறகு ஈரமாக இருந்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் வன்னிப் பகுதியைத் தெரியாதவர்கள். அந்த ஊரில் எரிப்பது பாலை விறகு. ஒரு கட்டையை வைத்துவிட்டு வயலுக்குப் போய் வரம்பு கட்டித் திரும்பினாலும் தணல் அப்படியே இருக்கும். பன்றியும் கிழடு இல்லை, விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்த இளசு. பவளமலரின் கைப்பக்குவத்தைக் குறை சொல்லவோ அவளுடைய மச்சாள் தவமணியைத் தவிர அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவருக்கும் துணிவு கிடையாது. ஆகவே விறகில் குற்றமில்லை, பன்றியில் குற்றமில்லை, கையில் குற்றமில்லை, இறைச்சி வேகவில்லை, அவ்வளவுதான்.

பவளமலர் பத்தொன்பது வயதில் காசிநாதரின் மனைவியாகி அந்த வீட்டுக்கு வந்தபோது காசிநாதரின் தங்கை தவமணிக்குப் பதினேழு வயது. செவ்வாய்க் குற்றம் என்று சாதகக்காரர்கள் தவமணியின் கலியாணத்தைத் தள்ளிக்கொண்டே போனார்கள். தள்ளித் தள்ளி இருபத்தொன்பது வருடம் போய்விட்டது, அந்த இருபத்தொன்பது வருடமும் இரண்டு பெண்களும் ஒரே குசினியில் உப்புக்காகச் சண்டை பிடித்தார்கள். உப்புக் கூடிவிட்டது என்று ஒருத்தி சொல்வாள், உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று மற்றவள் சொல்வாள், இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே சட்டியில் இருந்து சாப்பிடுவார்கள். அம்மியும் அடுப்பும் பவளமலருக்கு, தேங்காய் துருவும் திருவலையும் பாலும் தவமணிக்கு என்று யாரும் பிரித்துக் கொடுக்காமலே வேலை பிரிந்திருந்தது. தவமணி பிழிந்த முதற்பாலில் ஈர்க்கை நட்டால் சாயாமல் நிற்கும் என்று ஊரில் பேச்சு, அதில் பாதி பொய்யாக இருந்தாலும் மிச்சப் பாதி போதும்.

இரண்டு பேர் கையும் சேர்ந்தால்தான் வருவது பன்றிப் பால்கறி. மிளகாய்த்தூள் கிடையாது. இறைச்சியை மஞ்சளும் கொறுக்காய்ப் புளியும் போட்டுப் பிரட்டி, மூன்றாம் முறை பிழிந்த கப்பிப்பாலில் மெதுவாக அவித்து, மிளகும் பெருஞ்சீரகமும் உள்ளியும் அரைத்துக் கூட்டி, ரம்பை இலையும் கறிவேப்பிலையும் போட்டு, இரண்டாம் பாலை ஊற்றி வற்றவிட்டு, கடைசியில் சட்டியை இறக்குகிற நேரம் பார்த்து முதற்பாலை விட்டால், குழம்பு வெண்ணெய் மாதிரித் திரண்டு இறைச்சியைப் போர்த்திக்கொள்ளும். காய்ச்சல் விட்டவனுக்கும், சோதனையில் கோட்டை விட்டவளுக்கும், வெள்ளத்தில் வயலைப் பறிகொடுத்தவனுக்கும் வீரையடியில் முதல் மருந்து அதுதான். அழுதுகொண்டே அதைத் தின்றவர்கள் உண்டு, தின்றபிறகும் அழுதவர்கள் இல்லை.

அந்த வருடம் தை மாதக் கடைசியில், நாற்பத்தாறாவது வயதில், தவமணிக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை பொன்னுத்துரை, முப்பது மைலுக்கு அப்பால் ஓர் அரிசி ஆலையில் மேற்பார்வையாளர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசமாட்டார், பேசினால் உண்மை பேசுவார். வியாழக்கிழமை தாலிகட்டு. நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை நாலாம் சடங்கு. அன்றைக்குத்தான் கலியாண வீட்டில் மச்சமாமிசம் சமைத்து, மாப்பிள்ளைக்கு விருந்து வைத்து, பெண்ணை அனுப்புவார்கள். நாலாம் சடங்குக் கறி அடுப்பால் இறங்கி மாப்பிள்ளை கை கழுவும்வரை பெண் படி தாண்டக் கூடாது என்பது வீரையடியின் முறை. அதற்குத்தான் ஞாயிறு விடிய முன்னமே காசிநாதரும் இன்னும் சிலரும் துவக்கும் நாயுமாக வயல் கரைக்குப் போய், நெல்லுக்கு வந்த பன்றியை வெடி வைத்துச் சுட்டு விழுத்தினார்கள்.

வேட்டைக்கும் அந்த ஊரில் ஒரு முறை உண்டு. காட்டில் கால் வைக்க முன் பச்சைக் கொப்பு ஒன்றை முறித்து, காட்டுக் காவல் தெய்வமான ஐயனின் மரத்தில் தொங்கவிட வேண்டும். விழுந்ததைக் காட்டு ஓரத்திலேயே கீறிப் பங்கு வைக்க வேண்டும். வெடி வைத்தவருக்கு ஒரு பங்கு, நாய்க்கு ஒரு பங்கு, ஐயனுக்கு ஈரல் துண்டு. இதற்கெல்லாம் மேலே கண்ட பங்கு. வயிறு கீற முன் அந்த மிருகத்தைக் கண்ணால் கண்டவர் எவரோ, அவர் வழிப்போக்கராக இருந்தாலும் சரி, வழக்கு வைத்திருக்கிற பகையாளியாக இருந்தாலும் சரி, அவருக்கு ஒரு பங்கு கொடுத்தே ஆகவேண்டும். நாற்பது வருடமாகப் பங்கு பிரிக்கிறவர் கந்தப்பர். ஒரு எலும்பு கூடக் குறைய வைக்காத மனிதர். அன்றைக்கு அவர் வீட்டுக்கு ஒன்றாகப் பதினேழு பங்கு வைத்தார், சைக்கிளில் போன உப்பு வியாபாரிக்கும் ஒன்று இலையில் கட்டிக் கொடுத்தார், எல்லாம் சரியாக இருந்தது.

காலை பத்து மணிக்குச் சட்டி ஏறியது. பன்னிரண்டுக்குப் பவளமலர் ஒரு துண்டை எடுத்து விரலால் நசித்தாள், பலகை மாதிரி இருந்தது. இரண்டு மணிக்கும் பலகைதான், நாலு மணிக்கும் பலகைதான்.

"உப்பை முந்திப் போட்டிட்டியள் மச்சாள்," என்றாள் தவமணி. "உப்பு முந்தினால் இறைச்சி இறுகும். எத்தினைதரம் சொல்லியிருப்பன்."

"இருவத்தொன்பது வருசமா முந்தித்தான் போடுறன். இண்டைக்குத்தான் பண்டிக்குத் தெரியவந்ததோ?"

அதற்குள் கந்தப்பரின் மனைவி சின்னாச்சி அகப்பையும் கையுமாக வேலியைத் தாண்டி வந்து, தன் வீட்டுச் சட்டியும் வேகவில்லை என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பொழுது சாய்வதற்குள் பதினேழு வீட்டுப் பெண்களும் முற்றத்தில் நின்றார்கள். பப்பாசிக்காயைப் போட்டுப் பார்த்தார்கள், சிரட்டைத் துண்டைப் போட்டுப் பார்த்தார்கள், ஒருத்தி இரும்பாணியையும் போட்டாள். பப்பாசி கரைந்தது, சிரட்டை வெந்து மெத்தென்று ஆனது, ஆணியை வெளியே எடுத்தபோது அது பயிற்றங்காய் மாதிரி வளைந்தது. இறைச்சி மட்டும் போட்டபடியே கிடந்தது. விருந்துக்கு வந்தவர்கள் சோற்றுக்குக் குழம்பை மட்டும் விட்டுச் சாப்பிட்டார்கள். மொட்டைக்கறுப்பன் சோறும் அந்தக் குழம்பும் சேர்ந்ததில் ஒருவரும் குறை சொல்லவில்லை.

வேட்டை இறைச்சியைப் பச்சையாக அடுப்பால் இறக்கினால் ஐயனுக்குக் கோபம் வரும் என்பதால் இறக்கவும் முடியாது. ஆகவே எரித்தார்கள். குழம்பு வற்றவும் இல்லை, திரையவும் இல்லை, அடிப்பிடிக்கவும் இல்லை. அள்ள அள்ள இருந்த அளவுக்கே வந்து நின்றது, நாளுக்கு நாள் இன்னும் தடித்து இன்னும் ருசித்தது. மூன்றாம் நாள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. காலையில் பேக்கரிப் பாணைத் தோய்த்துச் சாப்பிட்டார்கள், மத்தியானம் சோற்றுக்கு விட்டார்கள், மாலையில் பிள்ளைகள் கோப்பையில் வாங்கிக் குடித்துவிட்டு விளையாடப் போனார்கள். இருபது வருடம் எல்லை வழக்குப் பேசிய இரண்டு வீட்டார், ஆளுக்கொரு அடுப்பு எரிப்பது வீண் என்று இரண்டு சட்டியையும் ஒரே அடுப்படிக்குக் கொண்டுவந்து, விறகுக்கு முறை வைத்துக்கொண்டார்கள்; எந்த வேலி யாருடையது என்பது பிறகு ஒருவருக்கும் ஞாபகமில்லை. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அடுப்புப் பார்க்கிற பிள்ளைகளுக்கு மத்தியானம் விடுமுறை விட்டார். கோயில் ஐயர் மட்டும் விபூதியிலும் கறி மணக்கிறது என்று இரண்டு நாள் கோபமாக இருந்தார், மூன்றாம் நாள் ஐயரம்மா வேலிக்கு இந்தப்பக்கம் பார்த்துக்கொண்டு, உள்ளே என்ன சரக்கு அரைத்துப் போடுகிறீர்கள், கத்தரிக்காய்க்கு ஒத்துவருமோ என்று மெல்லக் கேட்டாள். நெல் விளைச்சலைப் பார்க்க வந்த அதிகாரி ஒருவர் ஒரு கோப்பை குடித்துவிட்டு, விளைச்சலை மறந்து, இந்தப் பகுதிக்கே மாற்றம் கேட்டு எழுதப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாளைக்கு ஒருதரம் வருகிற பஸ் வீரையடிச் சந்தியில் அரைமணி நேரம் நின்று போகத் தொடங்கியது.

பொன்னுத்துரையும் நின்றார். கறி இறங்காமல் பெண்ணைக் கேட்க முடியாது, ஆகவே கேட்கவில்லை. கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் போட்டார், வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறக் கதவின் பிணைச்சலை மாற்றினார், காசிநாதர் பத்து வருடமாக நாளைக்குச் செய்கிறேன் என்று சொல்லி வைத்திருந்த வேலை எல்லாம் அவர் கையால் ஒன்றொன்றாக முடிந்துகொண்டிருந்தது. காசிநாதருக்கு இதில் வெட்கம் இருந்ததா என்றால், இல்லை, சந்தோசம்தான். மாமரத்தடியில் இருந்து வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காது என்பார்கள், எங்கள் மாப்பிள்ளை ஆக்கவே பொறுக்கிறார் என்று வருகிற போகிறவர்களிடம் பெருமையடித்தார்.

சட்டி ஏறிய நாலாம் நாள் கந்தப்பர் தன் தீர்ப்பைச் சொன்னார். "இதில யோசிக்க என்ன கிடக்கு. கண்டவர் ஆரோ ஒராள் பங்கு கிடையாமல் விடுபட்டுப் போச்சு. அவருக்கு ஒரு துண்டு போய்ச் சேருமட்டும் இது வேகாது."

அன்றிலிருந்து தேடல் தொடங்கியது. சைக்கிள்காரர்கள் நாலு திசைக்கும் போனார்கள். அந்த ஞாயிறு விடியற்காலை வயல் கரைப் பக்கமாக யார் யார் போனார்கள் என்று விசாரித்து, நில அளவையாளர் ஒருவருக்கு ஒரு துண்டு, தேன் எடுக்கப் போனவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு, விடிய அவ்வழியால் வேலைக்குப் போன, தூங்கிக்கொண்டே பஸ் ஓட்டுவதாகப் பெயர் எடுத்த சாரதிக்கும் கண் திறந்திருந்த ஒரு நொடியில் கண்டிருக்கக் கூடும் என்று ஒரு துண்டு கொடுத்தார்கள். இரு கண்ணும் தெரியாத கிழவர் சங்கரப்பிள்ளை தானும் கண்டதாகச் சொன்னார். அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள், அவர் அதை நாள் முழுக்க வாய்க்குள் வைத்துச் சூப்பிக்கொண்டு நிம்மதியாக இருந்தார். ஒரு சட்டியும் வேகவில்லை.

கண்டது பவளமலர்.

அந்த ஞாயிறு விடிய முன் அவள் எழும்பி, முற்றம் கூட்டுகிற சாட்டில், கோடிப்புற வேலியடிக்குப் போனாள். போனது அழுவதற்கு. வீட்டுக்குள் அழுதால் தவமணிக்குக் கேட்கும். கேட்டால் இருபத்தொன்பது வருடச் சண்டைக்கு என்ன மரியாதை? மச்சாள் போனால் உப்புக்கு யாரோடு சண்டை பிடிப்பது, தனக்குக் காய்ச்சல் வந்தால் யார் வந்து திட்டிக்கொண்டே நெற்றியில் துணி போடுவது, இந்த மனுசன் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு ஓமோம் என்று சொல்வதை மட்டும் எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பது என்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். நிமிர்ந்தபோது வேலிக்கு அப்பால் பன்றி நின்றது. முதுகில் சேறு, வாயில் நெற்கதிர். அது அவளைப் பார்த்தது, அவள் அதைப் பார்த்தாள். அழுகிறதைக் கண்டுவிட்டதே என்று அவளுக்குப் பன்றியிடம்கூடக் கூச்சமாக இருந்தது. பிறகு அது திரும்பி வயல் கரைப் பக்கம் போனது, சற்றுநேரத்தில் வெடி கேட்டது.

முதலில் அவள் சொல்லாமல் விட்டது வெட்கத்தினால். விடியற்காலையில் வேலியடியில் உனக்கு என்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்வது? அதோடு கண்ட பங்கு என்பது ஆண்களின் காரியம். பெண்டுகளின் பங்கு புருசன்மாரின் பங்குக்குள் அடக்கம் என்பதால் பெண் ஒருத்தி கண்டாளா என்று அந்த ஊரில் எந்தக் காலத்திலும் யாரும் கேட்டதில்லை. ஆனால் கந்தப்பர் தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியபிறகும் வாயைத் திறக்காததற்கு வெட்கம் காரணம் இல்லை. கறி வேகாமல் இருக்கும்வரை தவமணி போகமாட்டாள். காலையில் எழும்பினால் மச்சாள் திருவலையடியில் இருக்கிறாள், அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, உப்புப் போதாது என்று ஒருத்தி சொல்ல மற்றவள் மறுக்கிறாள். இதைவிட வேறென்ன வேண்டும்? ஊரே கண்டவரைத் தேடி அலைய, கண்டவள் குசினியில் இருந்து பெருஞ்சீரகம் அரைத்துக்கொண்டு, மனதுக்குள் ஐயனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை.

தவமணியும் ஒருநாள்கூட அவசரப்படவில்லை. ஏன் அவசரப்படவில்லை என்று பவளமலர் யோசிக்கவும் இல்லை.

பத்தாம் நாள் ஆலையில் இருந்து ஆள் வந்தது. அறுவடை நெல் மூட்டை மூட்டையாக முற்றத்தில் அடுக்கிக் கிடக்கிறது, மேற்பார்வையாளர் நாளைக்கே வராவிட்டால் முதலாளி வேறு ஆள் பார்ப்பாராம். பொன்னுத்துரை எழும்பிப் பலகை தேடிக்கொண்டு போனார். அன்று பின்னேரம் முழுக்கக் கோடிப்புறத்தில் வாள் அறுக்கிற சத்தமும் சீவுளிச் சத்தமும் கேட்டன. பதினோராம் நாள், புதன்கிழமை காலை, அவர் தன் ஒற்றைப் பையை எடுத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தார். தவமணி கிணற்றடியில் இருந்தாள்.

"அக்கா, நான் பத்து மணி பஸ்ஸுக்குப் போட்டு வாறன். கறி இறங்கினாப்போல சொல்லி அனுப்புங்கோ, வந்து கூட்டிக்கொண்டு போறன். இறங்காட்டி..." அவர் கிணற்றடிப் பக்கம் பார்த்தார். "இறங்காட்டியும் பரவாயில்லை. அவவுக்கு இது பழகின வீடு."

அவர் மற்றக் கையில் ஒரு திருவலை இருந்தது. வழக்கமான திருவலை தரையோடு தரையாக இருக்கும், காலை மடித்துக் குந்தியிருந்துதான் துருவ வேண்டும். இது ஒரு முழ உயரத்தில், கதிரை மாதிரி, நாலு காலோடு இருந்தது.

"இதை இங்க வைச்சிட்டுப் போறன். அவவுக்கு வலது முழங்கால் மடக்கேலாது அக்கா. எழும்பேக்க அடுப்புக் கட்டைப் பிடிச்சுத்தான் எழும்புறா. இதில இருந்து துருவினால் நோகாது. இங்கதானே இருந்து துருவப் போறா."

அவர் திருவலையை வைத்துவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனார். பவளமலர் அந்தத் திருவலையைப் பார்த்தபடி நின்றாள். தவமணி அடுப்புக் கட்டைப் பிடித்து எழும்புவதை எத்தனை வருடமாக நான் பார்த்திருக்கிறேன், ஐந்து வருடம் இருக்குமா, ஏழு இருக்குமா, ஒவ்வொரு முறையும் மெல்ல எழும்படி என்று சொன்னதைத் தவிர நான் என்ன செய்தேன்? பத்து நாள் வந்து இருந்த மனுசன் கண்டுவிட்டான். கண்டவனுக்குத்தானே பங்கு. இவ்வளவு நல்லவனோடு போய் வாழவேண்டிய பிள்ளையை ஒரு பன்றியை வைத்து மறித்துக்கொண்டிருக்கிறேனே என்று நினைத்தாள்.

அவள் அகப்பையோடு தெருவுக்கு ஓடினாள். நாற்பத்தெட்டு வயதில் பவளமலர் ஓடியதை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது. சந்தியில் பஸ் நின்றது. சாரதி குழம்புக் கோப்பையோடு இருந்தார், அதனால் நேரம் இருந்தது.

"தம்பி, இறங்குங்கோ," என்றாள் பொன்னுத்துரையிடம். பிறகு சந்தியில் நின்ற கந்தப்பரைப் பார்த்து, ஊரே கேட்கச் சொன்னாள்: "கண்டது நான். எனக்குத்தான் பங்கு தரேல்ல."

கந்தப்பர் கிட்டவந்து அவளைப் பார்த்தார். "பொம்பிளையளுக்குக் கண்ட பங்கோ? நாப்பது வருசத்தில நான் கேள்விப்படேல்லையே."

"நீங்கள் கேட்டாத்தானே கேள்விப்படுறதுக்கு," என்றாள் சின்னாச்சி பக்கத்தில் நின்று. "நான் விறகுக்குப் போகேக்க எத்தினை கண்டிருப்பன்."

"அப்ப அதெல்லாம் எப்பிடியப்பா வெந்தது?"

"எங்க வெந்தது? உங்களுக்கு எப்பவும் பல்லுக்க சிக்கும். நான் தான் வாய் திறக்கேல்ல."

எல்லாரும் பவளமலர் வீட்டுக்குத் திரும்பினார்கள், பஸ்சில் இருந்தவர்களும் இறங்கி வந்தார்கள். கந்தப்பர் சட்டியில் இருந்து ஒரு துண்டை எடுத்துத் தாமரை இலையில் வைத்து, நாற்பது வருடத்தில் முதல் தடவையாக, ஒரு பெண்ணிடம் நீட்டினார். பவளமலர் இரண்டு கையாலும் வாங்கினாள். எங்கே கண்டாய், ஏன் அங்கே போனாய் என்று யாரும் கேட்க முன் அவளே சொல்லிவிட்டாள், அழப் போனேன் என்று. கிணற்றடியில் இருந்து வந்த தவமணி தூணைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டாள்.

பவளமலர் துண்டைக் கடித்தாள். ஒரு பக்கம் பஞ்சு மாதிரி வெந்து நாக்கில் கரைந்தது, மறுபக்கம் முன்போலவே பலகையாக இருந்தது. ஊர்ப் பெண்கள் தங்கள் வீட்டுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தார்கள். பதினேழு சட்டியிலும் அதே கதை: ஒவ்வொரு துண்டும் பாதி வெந்து பாதி வேகாமல் இருந்தது.

"இன்னும் ஒராள் கிடக்கு," என்றார் கந்தப்பர், இப்போது மிகக் கவனமாக, ஆணையும் பெண்ணையும் ஒரே மாதிரிப் பார்த்து.

"அது நான் தான்," என்றாள் தவமணி.

அவள் யாரையும் பார்க்கவில்லை, பவளமலரை மட்டும் பார்த்தாள். "வைக்கல் போருக்குப் பின்னால நிண்டனான். நீங்கள் அழுறதுக்கு முதலே நான் அழத் தொடங்கீட்டன் மச்சாள். பண்டி முதல்ல என்னைத்தான் பார்த்தது. பேந்துதான் உங்களிட்ட வந்தது."

"அப்ப நான் கண்டது உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"பதினொரு நாளும் தெரியுமோ?"

"ஓம். நீங்கள் சொல்லிப்போடுவியள் எண்டு பயந்துகொண்டெல்லோ இருந்தனான்."

"வேலிக்கு ஓணான் சாட்சி," என்றாள் சின்னாச்சி, மூக்கைச் சிந்தியபடி. அவளோடு சேர்ந்து அன்றைக்கு முற்றத்தில் நின்ற பாதிப் பேர் மூக்கைச் சிந்தினார்கள். காசிநாதர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, தன் வீட்டில் இரண்டு பெண்கள் தனித்தனியாக அழுதுகொண்டு நின்ற வேளையில் தான் பன்றியைத் தேடி அலைந்ததை நினைத்து, முதல் தடவையாக வெட்கப்பட்டார்.

கந்தப்பர் இரண்டாவது பங்கை இலையில் வைத்துவிட்டுத் தயங்கினார். தாலி ஏறிவிட்டதால் தவமணி தமையன் வீட்டுப் பங்கில் சேரமாட்டாள். படி தாண்டாததால் புருசன் வீட்டிலும் சேரமாட்டாள். அந்தப் பதினொரு நாளும் அவள் எந்த வீட்டுக் கணக்கிலும் இல்லாத ஆள். பொன்னுத்துரை பையைக் கீழே வைத்தார். "அவவின்ர கையில குடுங்கோ ஐயா," என்றார். "அவ கண்டது அவவுக்கு."

தவமணி வாங்கி வாயில் வைத்ததும் அடுப்பில் சட்டி ஒருதரம் தளதளவென்று பொங்கி அடங்கியது. பவளமலர் அகப்பையால் தொட்டாள். இறைச்சி தன் பாரத்திலேயே பிரிந்தது. பதினொரு நாளாகியும் முதற்பால் இன்னும் விடப்படவில்லை. தவமணி புதுத் திருவலையில் ஏறி இருந்து, காலை மடிக்காமல், இரண்டு தேங்காய் துருவிப் பிழிந்தாள். பவளமலர் பாலை விட்டாள். பிறகு உப்புப் பார்த்தாள், அகப்பையைத் தவமணியிடம் நீட்டினாள். தவமணியும் உப்புப் பார்த்தாள்.

"சரி," என்றாள் தவமணி.

இருபத்தொன்பது வருடத்தில் அவள் அந்தச் சொல்லைச் சொன்னது அன்றைக்குத்தான். பவளமலருக்கு அதைத் தாங்க முடியவில்லை, சட்டியை இறக்கி வைத்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்தாள், ஆனால் இம்முறை வேலியடிக்குப் போகவில்லை, எல்லார் முன்னாலும் அங்கேயே நின்று அழுதாள்.

மாப்பிள்ளை சாப்பிட்டுக் கை கழுவினார். பின்னேரம் வாடகைக் காரில் ஏறும்போது உயரத் திருவலையையும் ஏற்றப் பார்த்தார் காசிநாதர், பொன்னுத்துரை தடுத்துவிட்டார். "அது அக்காவுக்கு. அவவுக்கும் முழங்கால் ரெண்டு இருக்குதுதானே. நான் அங்க போய் வேறொண்டு செய்வன்." தவமணி படி தாண்டினாள். கார் சந்தி திரும்பும்வரை இரண்டு மச்சாள்மாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அதற்குப் பிறகு வீரையடியில் பங்கு பிரிக்க முன் கந்தப்பர் ஊர் முழுக்க நடந்து, பெண்டுகளிடமும் கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார். சின்னாச்சிக்கு வருடத்துக்கு ஐந்தாறு பங்கு சேர்ந்தது, அதில் எத்தனை உண்மை என்று ஒருவரும் ஆராயவில்லை. இறைச்சி எப்போதும் பஞ்சாக வெந்தது, எல்லை வழக்குக்காரர்கள் ஒரே அடுப்பை விடவே இல்லை.

அடுத்த வருடம் தை மாதத்தில் ஒரு பன்றி விழுந்தது. பவளமலர் பால்கறி வைத்தாள். கப்பிப்பாலில் அவிந்து, இரண்டாம் பாலில் வற்றி, எல்லாத் துண்டும் பதமாக வந்துவிட்டது. ஒரே ஒரு துண்டு மட்டும் பலகை மாதிரிக் கிடந்தது. அகப்பையால் நசித்தாள், கத்தியால் குத்தினாள், அசையவில்லை. மாமரத்தடியில் இருந்து காசிநாதர் பசிக்கிறது என்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றாள் பவளமலர்.

அவள் அந்தத் துண்டைத் தூக்கி வீசவில்லை. இன்னும் ஒரு சுண்டு அரிசியைக் கழுவி உலையில் போட்டாள். அலுமாரியில் இருந்து இன்னும் இரண்டு கோப்பையை எடுத்துத் துடைத்து வைத்தாள். உயரத் திருவலையில் ஏறி இருந்து முழுத் தேங்காய் ஒன்றை உடைத்துத் துருவத் தொடங்கினாள். வேண்டுமென்றே உப்பை ஒரு நுள்ளுக் கூட்டிப் போட்டாள். துருவி முடியும்போது வீரையடிச் சந்தியில் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது, படலை திறந்தது, வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிற அந்த நடை முற்றத்தில் கேட்டது.

"மச்சாள், மணமே சொல்லுது," என்றது வாசலில் குரல். "உப்புக் கூடிப்போச்சு."

பவளமலர் அகப்பையால் அந்தத் துண்டைத் தொட்டாள். அது மெல்ல இரண்டாகப் பிரிந்தது.